சித்தியின் நாவலில் அம்மா

என் சித்தி ஆங்கிலத்தில் நாவல் எழுதியவள். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கி, டெக்சஸில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வருடா வருடம் கான்ட்ராக்டைப் புதுப்பித்தால்தான் வேலை. ஒரு மே மாதம் கல்லூரி புதுப்பிக்கவில்லை. புத்தகப் பெட்டிகளோடு பிளானோவில் எங்கள் வீட்டு கெஸ்ட் ரூமுக்கு வந்து சேர்ந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

டேட்டா அனலிடிக்ஸ் படிக்கச் சொல்லி அப்பா தினமும் நல்லெண்ணத்தோடு அறிவுரை சொல்வார். சித்தி தலையாட்டிவிட்டு அறைக்குள் போய் எழுதுவாள். அவள் எழுதும்போது அம்மா அந்தப் பக்கம் வாக்குவம் க்ளீனரைக்கூடக் கொண்டுபோகமாட்டாள்.

அம்மா ஈரோட்டில் டாக்டராக இருந்தவள். இங்கே வந்தபிறகு பிராக்டிஸ் பண்ணவில்லை. யாராவது கேட்டால் என் தலையைத் தடவி, "இவளைப் பாத்துக்கணும்ல, அதான் விட்டுட்டேன்" என்பாள். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

சித்தியின் நாவலில் அமெரிக்காவில் வளரும் ஒரு சிறுமி வந்தாள். அவள் பேசுவது சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, சித்தி சில பக்கங்களை என்னிடம் கொடுத்தாள். "கிட்ஸ் இப்படியெல்லாம் பேசமாட்டாங்க சித்தி" என்று பென்சிலால் அடிப்பேன். அவளும் மறுபேச்சில்லாமல் மாற்றிவிடுவாள். அந்த மிதப்பில் ஒருநாள், அவள் கொடுக்காத பக்கங்களையும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பாட்லக். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து எடுத்துக்கொண்டு அங்கிள்களும் ஆன்ட்டிகளும் வந்திருந்தார்கள். "என்ன ஸ்டோரி எழுதறீங்க?" என்று ஒரு ஆன்ட்டி கேட்டதற்கு சித்தி சிரித்து மழுப்பினாள். நான் மாடிக்கு ஓடிப்போய்ப் பக்கங்களை எடுத்துவந்தேன்.

"நான் ரீட் பண்றேன் ஆன்ட்டி. இதுல எங்கம்மா மாதிரியே ஒரு டாக்டர் வராங்க!"

கதையில் அந்த டாக்டர், அமெரிக்காவில் வேலை பார்க்க எழுதவேண்டிய பரீட்சையில் இரண்டாம் முறையும் தோற்றுவிடுகிறாள். இந்தியன் கடை வாசலில் காரை நிறுத்தி, ஒரு மணி நேரம் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். பின் சீட்டில் அவள் குழந்தை தூங்குகிறது. கண்ணாடியில் அதைப் பார்த்ததும், இனி ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டதென்று காரைக் கிளப்புகிறாள்.

பள்ளியில் பழக்கியபடி, இடையிடையே எல்லோரையும் நிமிர்ந்து பார்த்து, ஏற்ற இறக்கத்தோடு படித்து முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. சித்தியின் முகம் வெளுத்திருந்தது. ஒரு ஆன்ட்டி வடை நன்றாக வந்திருப்பதாகச் சொன்னாள். பாயசக் கரண்டியோடு நின்றிருந்த அம்மா, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று ஒவ்வொருவருக்கும் பரிமாறத் தொடங்கினாள்.

எல்லோரும் போனபிறகு சித்தி சமையலறைக்கு வந்தாள். "அக்கா, அது வெறும் டிராஃப்ட். உன்கிட்ட காட்டாம வெளிய விட்டிருக்கமாட்டேன்."

"நல்லா எழுதியிருக்க" என்றாள் அம்மா, திரும்பாமல். கொஞ்சம் கழித்து, "உன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன்" என்றாள்.

என்னை யாரும் திட்டவில்லை. அடுத்த வாரமே சித்தி நியூ ஜெர்சிக்குக் கிளம்பிவிட்டாள். பார்சிப்பனியில் ஏதோ கம்பெனிக்கு மேனுவல் எழுதும் வேலை. அதன்பிறகு அவள் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தவில்லை. இன்னொரு நாவலும் எழுதவில்லை. அம்மாவும் அவளும் பண்டிகை நாட்களில் மட்டும் போனில் பேசிக்கொண்டார்கள், அதுவும் இரண்டு நிமிடம்.

இரண்டு வருடம் கழித்து அந்த நாவல் புத்தகமாகித் தபாலில் வந்தது. அம்மா அன்று சமைக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து பக்கங்களைப் புரட்டினாள்.

"என்னம்மா தேடறே?"

"அந்த டாக்டர் எங்கடி?"

"சித்தி எடுத்துட்டாங்கம்மா. பார்சலைப் பிரிச்சதுமே நான் புரட்டிப் பார்த்துட்டேன், எங்கேயும் இல்லை." நான் செய்த தப்பு ஒருவழியாகச் சரியாகிவிட்டதென்ற சந்தோஷத்தில் சொன்னேன்.

அம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இருக்கட்டும்னு சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டு அழுதாள். வெளியே தெரியக்கூடாதென்று அத்தனை நாள் மறைத்த ஒன்று அச்சில் வராமல் போனதற்கு ஒருத்தி எதற்காக அழவேண்டும் என்று, பதினோரு வயதில் எனக்கு விளங்கவில்லை.