ஆயுத பூசையில் மறந்துபோன மெசின்

தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள் சிவசக்தி. பிடிவாதக்காரி. அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைக்க, பிள்ளை பதுளைக்குப் போய் எலக்ட்ரோனிக்ஸ் படித்தாள். படித்து முடித்து அஸீஸ் நானாவின் ரிப்பேர் கடையில் ஆறு வருசம் செத்த டீவிகளுக்கு உயிர் கொடுத்தாள். ஆனாலும் கண்ணெல்லாம் தோட்டத்து ஃபெக்டரி மேலேதான். அங்கே டெக்னீசியன் வேலை காலியாக இருந்தது. லயத்துப் பொம்பளைப் பிள்ளை எவளும் அந்த வேலையில் நின்றதில்லை. நான் நிற்கிறேன் என்றாள். சொன்னால் சொன்னதுதான்.

ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் இளையதம்பி யாழ்ப்பாணத்து ஆள். வாய் கொஞ்சம் காரம்.

"பிள்ளை, எங்கட கலர் சோட்டர் விடியக் குளிருக்கு எழும்புதில்லை. மத்தியானம்தான் கண் முழிக்குது. திங்கட்கிழமைக்குள்ள நீர் அதைச் சரிப்படுத்தினா உம்மட பேரைத் தோட்டத்துத் துரையிட்ட நானே சொல்லுறன். இல்லாட்டி வேலைக்குக் கொழும்பு ஆள்தான்."

தேயிலைத் தூளோடு கலந்து வருகிற சிவப்புக் குச்சியைக் கெமராவால் கண்டுபிடித்து, காற்றால் ஊதித் தள்ளுகிற மெசின் அது. சக்தி அதன் போர்டைத் திறந்தாள். நடுவில் பெரிய சிப், அதுதான் மூளை. ஆனால் கரண்டு போனால், தனக்கு என்ன வேலை என்பதே அந்த மூளைக்கு மறந்துபோகும். கரண்டு வந்ததும், பக்கத்தில் இருக்கிற சின்ன மெமரி சிப்பிடம் கேட்டுக் கேட்டு, முதலிலிருந்து கற்றுக்கொண்டுதான் எழும்பும். சின்னதுக்குக் கரண்டு போனாலும் மறதி கிடையாது. ஆனால் அதற்கு வயசாகிவிட்டது. குளிரில் வாய் திறக்கவில்லை. போதாததற்கு அது ஒரே ஒரு தடவை எழுதுகிற பழைய சாதி. அழித்து எழுத வழியில்லை.

சக்தி விடுவாளா? தலைமுடி காயவைக்கிற மெசினால் அதற்குச் சூடு காட்டினாள். சூட்டோடு சூடாக உள்ளே இருந்ததை மூன்று தடவை படித்தெடுத்தாள். மூன்றும் ஒன்றாக இருந்தது. லேப்டாப்பில் பத்திரப்படுத்தி, அதை வயர் வழியாக நேரே பெரிய சிப்புக்குள் ஏற்றினாள். மெசின் ஓடியது! குச்சி ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். வியாழக்கிழமை பின்னேரம் ஃபெக்டரியே கைதட்டியது.

அங்கேதான் பிசகினாள். 'நேரே ஏற்றியது கரண்டு இருக்கிறவரைக்கும்தான். புதுச் சின்ன சிப் போடும்வரை யாரும் நிறுத்தாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கைதட்டல் காதில் நிறைந்திருக்க, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் ஆயுத பூசை. இருக்கிற மெசின் எல்லாவற்றையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கிற நாள். சின்ன வயசில் அதே ஃபெக்டரி வாசலில் கடலைக்கும் பொரிக்கும் கை நீட்டி நின்றவள் அவள். அவளுக்கே அது ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

சனிக்கிழமை காலை போன் வந்தது. ஓடிப்போனாள். நெற்றியில் குங்குமத்தோடு கலர் சோட்டர் மரமாக நின்றது. சூடு காட்டினாலும் இந்தத் தடவை பழைய சிப் வாய் திறக்கவில்லை.

"என்ன பிள்ளை, உம்மட வைத்தியம் ஒருநாள் வைத்தியமோ?" என்றார் டீமேக்கர்.

குச்சி பொறுக்கும் பகுதியில் இருபது வருசமாக வேலை செய்கிற இராக்கம்மா முந்தானையைப் பிசைந்தாள். "நாந்தான்டி சுவிட்ச நிறுத்துனேன். சாமிக்கு முன்னாடி அது பாட்டுக்கு ஓடுனா நல்லாவா இருக்கும்?"

"நீங்க செஞ்சது சரிதான் அத்தை. சொல்லாம போனது என் தப்பு."

"சரி, திரும்ப வயர் வழியா ஏத்தும்," என்றார் டீமேக்கர். "சுவிட்சில டேப் ஒட்டிவிடுறன். ஒருத்தரும் தொடமாட்டினம்."

அது ஐந்து நிமிச வேலை. வேலையும் கிடைத்திருக்கும். ஆனால் சக்தி தலையாட்டவில்லை.

"ஐயா, மழை பேஞ்சா கரண்டு போற தோட்டம் இது. எத்தனை நாளைக்கு டேப் ஒட்டுவீங்க? திங்கக்கிழமை வரைக்கும்னு சொன்னீங்க. இன்னும் நாள் இருக்கு."

"பிடிவாதம்!"

"ஆமாங்க."

பழைய சாதி சிப்பை எங்கேயும் இப்போது செய்வதில்லை. பதுளைக்குப் போய் அஸீஸ் நானாவின் கழிவுப் பெட்டியைக் கிளறினாள். செத்துப்போன டிஷ் பெட்டி ஒன்றில் ஃபிளாஷ் மெமரி சிப் கிடைத்தது. இது வேறு சாதி: அழிக்கலாம், எழுதலாம், கரண்டு போனாலும் மறக்காது. உள்ளே இருந்ததை அழித்து, லேப்டாப்பில் இருந்ததை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழையதைக் கழற்றிவிட்டு, இதைப் போர்டில் வைத்து ஈயத்தால் ஒட்டி, சுவிட்சைப் போட்டாள்.

ஒன்றுமில்லை.

"பாவம், வீட்டுக்குப் போடி," என்றாள் இராக்கம்மா. "கொழும்புக்காரனுக்கும் இது வராது."

சக்தி அசையவில்லை. எழுத்து சரி, ஒட்டு சரி. அப்படியானால் கேட்கிறவன்தான் பிழையாகக் கேட்கிறான். பெரிய சிப்பின் படத்தை லேப்டாப்பில் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அதில் மூன்று கால்கள். எந்தச் சாதி மெமரியிடம் எப்படிக் கேட்பது என்று பெரிய சிப்புக்குச் சொல்கிறவை அவைதான். அவை இன்னும் பழைய சாதிக்கே கட்டப்பட்டிருந்தன. ஃபிளாஷுக்கு முதலில் ஒரு கட்டளை கொடுத்தால்தான் அது வாய் திறக்கும்; பெரியதோ கட்டளையே கொடுக்காமல் காத்துக் கிடந்தது. அரிசி நொய்யளவு ரெசிஸ்டர் ஒன்றைக் கழற்றி, ஒரு காலின் இணைப்பை மாற்றி ஒட்டினாள்.

சுவிட்சைப் போட்டாள். ஒரு மூச்சு விடுகிற நேரம். பச்சை லைட் எரிந்தது.

நிறுத்தினாள், போட்டாள். பத்துத் தடவை. பத்துத் தடவையும் எரிந்தது. பிறகு மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டாள்.

"என்ன செய்யிறீர்? ஓடுறதை ஏன் நிப்பாட்டுறீர்?" டீமேக்கர் பதறினார்.

"நாளைக்குக் காலைக் குளிர்ல எழும்பணும் ஐயா. அதுதான பேச்சு? அதுவரைக்கும் இப்படியே கிடக்கட்டும்."

திங்கட்கிழமை காலை ஆறு மணி. யன்னலுக்கு வெளியே பனிமூட்டம். பேசினால் வாயிலிருந்து புகை. சக்தி சுவிட்சைத் தொடவில்லை.

"அத்தை, நீங்க போடுங்க."

"ஐயோ, நானா? இன்னொரு தடவை என் கையாலயா?"

"நீங்கதான்."

இராக்கம்மா கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சை மேலே தள்ளினாள். பச்சை லைட் எரிந்தது. தூள் இறங்க, படபடவென்று காற்று அடிக்க, சிவப்புக் குச்சிகள் தனியே பறந்து விழுந்தன.

டீமேக்கர் ஒரு பிடி தூளை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். ஒரு குச்சி இல்லை. இடுப்பிலிருந்த சாவிக் கோர்வையில் ஒரு திறப்பைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"கரண்ட் ரூம் திறப்பு. துரை நேற்றே சம்மதிச்சிட்டார், இது எழும்பினா வேலைக் கடிதம் தாறன் எண்டு. இனி எழும்பாட்டி உம்மைத்தான் எழுப்புவன்."

சக்தி திறப்பை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு இராக்கம்மா பக்கம் திரும்பினாள்.

"அடுத்த பூசைக்குத் தாராளமா நிறுத்துங்க அத்தை. எனக்கும் பொரி எடுத்து வைங்க."