அண்ணனின் அடையாள அட்டை

திருகோணமலைத் துறைமுக வீதியில், பழைய ஒல்லாந்தர் கட்டடம் ஒன்றில் கடல் சம்பந்தமான பழம்பொருட்களை வைத்த நூதனசாலை ஒன்று இருக்கிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது அங்கே போனேன். பிறந்து வளர்ந்த ஊரின் நூதனசாலைக்குள் ஐம்பத்துமூன்று வயதில்தான் முதல் முதலாகக் கால் வைத்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். நாங்கள் இருந்த காலத்தில் அப்படி ஒன்று அங்கே இருக்கவில்லை. இருந்திருந்தாலும், அந்த வீதியால் சும்மா விடுப்பு வேடிக்கை பார்க்கப் போகிற துணிவு ஒருவருக்கும் இருந்திராது.

நுழைவுச்சீட்டுக் கொடுக்கிற பெண் என் சப்பாத்தையும் முதுகுப் பையையும் ஒரு தடவை பார்த்தாள்.

"உள்ளூரோ வெளிநாடோ? உள்ளூர் எண்டா ஐடென்டிட்டி காட்டைக் காட்டுங்கோ."

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே இலங்கை அடையாள அட்டை ஒன்று இருந்ததுதான். ஆனால் அது என்னுடையது அல்ல. வெளிநாடு என்று சொல்லி, அதற்குரிய சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே தரைக்குப் பூசிய மெழுகு மணத்தது. அவ்வளவுதான், நான் ரொட்டர்டாமில் நின்றேன்.

ஒல்லாந்தர் நாட்டின் அந்தத் துறைமுக நகரத்தில் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை மூன்று வருடம் காத்திருந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை. அகதி முகாம் அறையில் நான்கு பேர், மூடாத ஒரு ஜன்னல். அதனால் தனியாக நூதனசாலை நூதனசாலையாகத் திரிந்தேன். கலை ஆர்வம் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். குளிர். காசு வாங்காமல் சும்மா விடுகிற நாட்கள் எனக்கு மனப்பாடம். எந்தச் சுவரில் யாருடைய ஓவியம் என்று கேட்டால் விழிப்பேன், எந்த இருக்கை வாங்குக்குப் பின்னால் சூடாக்கி இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வேன்.

முதல் நாள் நடந்ததை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வாசலில் சீருடை போட்ட காவலாளி ஒருவர் பையைத் திறக்கும்படி சைகை காட்டினார். நான் பையை நிலத்தில் வைத்து, மூன்று அடி பின்னால் போய், இரண்டு கைகளையும் மேலே தூக்கி, விரல் நுனியில் முகாம் அட்டையைப் பிடித்தபடி நின்றேன். திருகோணமலையில் இராணுவச் சோதனைச்சாவடிகளில் பத்து வருடம் அப்படித்தானே நின்றோம். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதையை நிறுத்திவிட்டார்கள். அந்த மனிசன் கிட்ட வந்து, என் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

அங்கேதான் ஒரு நாள் எங்கள் துறைமுகத்தின் வரைபடத்தைக் கண்டேன். ஒல்லாந்தர் எப்போதோ கீறியது. குடா, முனை, ஆழத்தைக் குறிக்கும் பொடி இலக்கங்கள், எல்லாம் இருந்தன. கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று, துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு வளைவைத் தேடினேன். வீதியே இல்லாத காலத்து வரைபடத்தில் வளைவுக்கு எங்கே போவது? அண்ணனை மறித்த இடம் அந்த வளைவு.

அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டில் நான், அண்ணன், அம்மா மூன்றே பேர். மற்ற வீடுகளில் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், எங்கள் அம்மா படலையடியில் நின்று "காட் எடுத்தியா?" என்று கேட்பார். கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் கேள்வி ஒன்றுதான். அட்டை இல்லாமல் பிடிபட்டால் என்ன நடக்கும் என்று யாரும் விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக நல்ல சட்டை ஒன்றுதான் இருந்தது, இளநீல நிறம். அண்ணனை மறித்த அன்று எனக்குப் பிரதான வீதியில் சீமெந்துக் கடை ஒன்றில் நேர்முகம். அண்ணன் பாயில் கிடந்தான், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை அன்றைக்கு இல்லை. கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். கடையில் குனிந்து கையெழுத்து வைக்கும்போது நெஞ்சில் ஏதோ விறைப்பாக முட்டியது. எடுத்துப் பார்த்தால் அண்ணனின் அடையாள அட்டை. என்னுடையது காற்சட்டைப் பையில் இருந்தது.

உடனே வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. அவன் நித்திரைதானே, அட்டை எதற்கு என்று நினைத்துக்கொண்டு கூட்டாளி ஒருவனோடு படம் பார்க்கப் போனேன். என்ன படம் என்பது இன்று ஞாபகமில்லை. பார்த்து நன்றாகச் சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பின்னேரம் படலையடியில் நஸீர் நானா நின்றார். கிண்ணியாவில் இருந்து வந்து அண்ணனோடு மூட்டை இறக்குகிறவர். திடீரென்று கப்பல் வந்து ஆள் தேவைப்பட்டதால், அண்ணனை அவரே வந்து எழுப்பிக் கூட்டிப்போயிருக்கிறார். அம்மா அந்த நேரம் சந்தைக்குப் போயிருந்தார். படலையடியில் கேட்க ஆள் இல்லை. வளைவுச் சாவடியில் மறித்தார்கள், நானாவை விட்டார்கள், அண்ணனை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்கள். நானா திரும்பிப் பார்க்கும்போது வளைவில் அவன் இல்லை.

"காட் எங்கண்டு கேட்டாங்க. தம்பி போட்டிருக்கிற சட்டைக்குள்ள கிடக்கெண்டு சிரிச்சிக்கிட்டே சொன்னான்."

அம்மாவிடம் அதைச் சொல்லவேண்டாம் என்று நானாவின் கையைப் பிடித்துக் கேட்டேன். பிறகு உள்ளே போனேன். அண்ணனை மறித்த செய்தி அதற்கு முன்பே அம்மாவுக்கு வந்துவிட்டது. அலுமாரியில் இருந்த அத்தனையையும் இழுத்துக் கொட்டிவிட்டு நிலத்தில் இருந்தார். அழுதிருப்பார் என்று நினைத்துப் போனேன். முகம் தெளிவாக இருந்தது.

"பார் மகன், காட் இங்க இல்லை. கொண்டுதான் போயிருக்கிறான். கையில காட் இருக்கேக்க ஆர் என்ன செய்ய ஏலும்? விடுவாங்கள்."

அட்டை என் நெஞ்சில் இருந்தது. எடுத்துக் காட்ட இரண்டு நிமிடம் எனக்கு இருந்தது. நான் ஓம் என்றேன்.

அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் இராணுவ முகாம் முகாமாக ஏறி இறங்கினோம், ஆர் கொண்டுபோனது என்றே தெரியவரவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? இருக்கிற பிள்ளையாவது மிஞ்சட்டும் என்று அம்மா என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினார். அட்டையைச் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

ரொட்டர்டாமில் கப்பலேறிப் போனவர்களின் பொருட்களை வைத்த சின்ன நூதனசாலை ஒன்று இருந்தது. கடவுச்சீட்டுகள், கடிதங்கள், ஒரு பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து. தரவிரும்புகிறவர்கள் தரலாம் என்று எழுதியிருந்தது. ஒரு நாள் அண்ணனின் அட்டையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். எல்லாரும் பார்க்கிற இடத்தில் அது இருக்கும், அம்மா மட்டும் அங்கே வரமாட்டார். ஒப்புக்கொண்டதாகவும் ஆகும், ஒருவருக்கும் தெரியாமலும் போகும். என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

அங்கிருந்த வயதான பெண் ஒரு படிவத்தைத் தந்தார். பெயர் எழுதினேன், பிறந்த ஆண்டு எழுதினேன். அடுத்து ஒரு சின்னக் கோடு, அதற்குப் பிறகு வெற்றிடம். ஆள் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும், இறந்திருந்தால் அந்த ஆண்டை எழுதவேண்டும் என்றார். இரண்டும் தெரியாவிட்டால் என்ன எழுதுவது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் அட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா செத்தபோது எனக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை. நஸீர் நானாதான் தொலைபேசியில் சொன்னார். கடைசிக் கிழமையும் "அவனட்ட காட் இருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அம்மாவின் நிம்மதிக்காகத்தான் மறைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். பயத்தில் மறைத்தேன். இப்போது நானாவும் இல்லை.

நூதனசாலையை விட்டு வெளியே வந்து வளைவு வரை நடந்தேன். மண்மூட்டை இல்லை, தார்ப்பீப்பா இல்லை. இறால் பதித்த இஸ்ஸு வடை விற்கிற ஒருவர் நின்றார். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சட்டைப் பையில் இருந்து அட்டையை எடுத்துக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஏன் என்று கேட்காதீர்கள். கை காட்டி மறிக்கிறேன் என்று நினைத்து ஒரு ஓட்டோ வந்து நின்றது.

அன்புவழிபுரம் என்றேன். ஆர் வீடு என்று ஓட்டோக்காரர் கேட்டார். அம்மாவின் பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்து விலாசத்தைக் காட்டினேன். அப்படி ஒரு வீடு இப்போது அங்கே இல்லை, அந்தக் காணியில் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள் என்றார். பிறகு முன்பக்கம் திருப்பிப் படத்தைப் பார்த்தார். இருபத்துநான்கு வயது அண்ணன், மீசையை அன்றைக்குத்தான் ஒதுக்கியவன். என் நரைத்த தலையையும் பார்த்தார்.

"உங்கட மகனோ ஐயா?"

அட்டையை அவர் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்தேன். ஓம் என்றேன்.