கல்லின்மேல் கற்கள்

போன மாதம் ஒருநாள் காலை ஷிப்டுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது டெலிபோன் வந்தது. சட்டன் நகர ஆஸ்பத்திரியில் கிடந்த நடராசா அண்ணை போய்விட்டார். அவரோடு கவுன்சில் பூங்காக்களில் கூட்டிப் பெருக்கிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கவுன்சில் தந்தது சரியில்லையென்று சொந்த விளக்குமாற்றோடு வேலைக்கு வந்த ஒரே மனிதர் அவர்.

எண்பதுகளின் கடைசியில் ஸ்ட்ரெதம் பக்கத்துப் பூங்கா ஒன்றில் எங்கள் இருவருக்கும் வேலை. ஹிட்லர் காலத்தில் கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவுக்கல் ஒன்று அங்கே இருந்தது. அதன்மேல் எப்போதும் கூழாங்கற்கள் கிடக்கும். பிள்ளைகளின் குழப்படி என்று நினைத்து அண்ணை ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளிவிடுவார். கல் பளிச்சென்று இருப்பதில் அவருக்கு ஒரு பெருமை.

ஒருநாள் ஹன்னா என்ற யூத அம்மா வந்து, வெறுங்கல்லைப் பார்த்துத் திகைத்து நின்றார். அவருடைய தாயும் இரண்டு தங்கைகளும் ஹிட்லரின் முகாமில் கொல்லப்பட்டவர்கள். புதைத்த இடம் தெரியாது. இறந்தவர்களுக்கு நாங்கள் பூ வைப்பதுபோல் யூதர்கள் கல் வைப்பார்களாம். அண்ணைக்கு முகம் செத்துப்போனது. மத்தியானம் சாப்பிடாமல் குப்பை மூட்டைகளை அவிழ்த்து, கற்களைப் பொறுக்கிக் கழுவித் திரும்ப வைத்தார். பிறகு தயங்கித் தயங்கி அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டார். போர் நடக்கும் எங்கள் ஊரில் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாத தன் தம்பிக்கும் ஓரமாக ஒரு கல் வைக்கலாமா என்று. அந்த அம்மா தன் கையில் இருந்த கல்லையே கொடுத்தார். அண்ணை அதை நினைவுக்கல்லின் அடியில், மண்ணில் வைத்தார்.

அதன்பின் வந்தது வம்பு. உருண்டு புல்லுக்குள் விழுந்த கற்கள் புல்வெட்டும் மெஷினின் பிளேடை உடைத்தன. எல்லாவற்றையும் அகற்றும்படி மேற்பார்வையாளர் உத்தரவிட்டார். அண்ணையின் அகதி கேஸ் முடிவாகாத நேரம். இந்த வேலையும் போனால் வேறு வழியில்லை. எங்களுக்கேன் வம்பு, எடுத்துவிடுங்கோ என்று சொன்னவன் நான்தான். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"வேலையை விட்டுப் போகச் சொன்னால் போறன். கல்லை எடுக்க ஏலாது," என்றார் அண்ணை.

அதையே தன் அரைகுறை ஆங்கிலத்தில் மேற்பார்வையாளரிடமும் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் மெஷினை எடுக்குமுன் குனிந்து, புல்லைக் கையால் தடவி, விழுந்த கற்களைப் பொறுக்கி மேலே வைத்தார். பிறகு ஒரு பிளேடும் உடையவில்லை. வேலையும் போகவில்லை. முதுகுதான் போயிற்று.

செத்தவீட்டுக்கு ஹன்னா அம்மாவும் ஒரு கூழாங்கல்லோடு வந்திருந்தார். எரிக்கப்போகிறோம், கல்லறை இருக்காது என்றதும் அதை என்னிடம் தந்தார். பூங்காவில் அண்ணை தன் தம்பிக்கு வைத்த கல்லுக்குப் பக்கத்தில் அதை வைத்திருக்கிறேன்.

நேற்று புல் வெட்டும் நாள். நடராசாதான் இல்லையே, இனி அந்தக் கற்களை அகற்றிவிடலாமே என்றார் இப்போதைய மேற்பார்வையாளர். அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய அந்த ஒரு பதில்தான். அதைச் சொல்லிவிட்டு, குனிந்து புல்லைத் தடவத் தொடங்கினேன்.