எண்ணெய் தொடாத தலை

அண்ணாவின் நினைவு மலருக்கு அவரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஓரிடத்தில் நிலையாக இராமல் அலைந்தவன் நான். தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணா காரைநகரில் பிறந்தார். அப்பா வள்ளம் கட்டுபவர். அப்பா காலமானபோது அண்ணாவுக்குப் பதினாறு வயது, எனக்குப் பதினான்கு. அன்று எடுத்த உளியை அவர் நோயில் விழும்வரை கீழே வைக்கவில்லை. சண்டையில் வீடு போனபின், தொண்ணூறுகளில் இருவரும் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் தங்கினோம்.

மட்டக்குளியில் ஆற்றோரக் கொட்டகை ஒன்றில் பழைய பாய்ப்படகு ஒன்று நின்றது. ஓய்வுபெற்ற சிங்களப் பொறியியலாளர் ஒருவருடையது. அதன் தேக்குத் தளம் ஒழுகியது. அதைச் சீராக்கும் வேலை அண்ணாவுக்குக் கிடைத்தது. நானும் கூட நின்றேன். சண்டைக் காலத்தில் கடலில் இறக்க அனுமதி இல்லாத படகுக்குத் தளம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். எங்களுக்கு வேண்டியிருந்தது படகுக்காரர் மாதந்தோறும் எழுதித் தரும் வேலைக் கடிதம். அது இருந்தால்தான் வடக்கிலிருந்து வந்த தமிழருக்குப் பொலிஸ் பதிவு. பதிவு இருந்தால்தான் அறை. கடிதமும் பதிவும் இல்லாதவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிலர் திரும்பி வரவில்லை.

உளுத்த பலகைகளை மாற்றினோம். பலகைகளின் இடுக்குகளில் காய்ந்து வெடித்திருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்தோம். தேக்கு மரத்திலேயே எண்ணெய் உண்டு. அதை அசிற்றோனால் துடைத்தெடுத்து, மறுபடி கை படாமல் புதிய கறுப்புப் பசையை நிரப்ப வேண்டும். எண்ணெய் பட்டால் பசை பிடிக்காது. தலையிலிருந்து வியர்வையோடு வழிந்தாலும் போச்சு. அதனால் வேலை முடியும்வரை இருவரும் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, சனிக்கிழமை எண்ணெய் முழுக்கும் இல்லை என்று அண்ணா முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டில் சாப்பாடு. "என்னடா, தலை தும்பு மாதிரிப் பறக்குது? எனக்குச் சொல்லாமல் ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று சின்னம்மா கேட்டார்.

"ஓம் சின்னம்மா, ஒரு கப்பல் சாகக் கிடக்குது. குழம்பை விடுங்கோ," என்றார் அண்ணா.

ஒரு வெள்ளிக்கிழமை பொலிஸார் லொட்ஜைச் சுற்றிவளைத்து எங்களையும் கொண்டுபோனார்கள். அண்ணாவின் நகங்களில் இருந்த கறுப்பைப் பார்த்து, என்ன வெடிமருந்து கலந்தாய் என்று கேட்டார்கள். கடிதத்தைக் காட்டியும் பின்னேரம்தான் விட்டார்கள். மறுநாள் காலை நான் தனியாகக் கோயிலுக்குப் போய், சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்தேன். கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அண்ணா துடைத்து வைத்திருந்த இடுக்குகளில் தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். செய்தது அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து, இறுகிய பசையை அண்ணா தேய்க்கத் தொடங்கினார். இடது பக்கத்தில் அது நாடாபோல உரிந்து வந்தது. கடிதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அன்று பின்னேரம் படகுக்காரர் வருவதாக இருந்தார்.

"தலைக்கு வைச்சனியோ?"

"இல்லை அண்ணை. அண்டைக்குச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிச்சனான். திரும்பப் பிடிபடக்கூடாதெண்டு."

அண்ணா தளத்திலேயே குந்திவிட்டார்.

"கோயிலில இருந்த சனியனைக் கூட்டிக்கொண்டு வந்து என்ர பலகையில ஏத்திப்போட்டாய். சரி, கத்தியை எடு."

நான் தொட்ட இடுக்குகள் பதினொன்று. எல்லாவற்றையும் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது படகுக்காரர் வந்துவிட்டார். தச்சரை அழைக்கும் வழக்கப்படி அவர் அண்ணாவைப் பாஸ் என்பார்; அண்ணா அவரை மாத்தயா, அதாவது ஐயா, என்பார்.

"பாஸ், இது போட்டு முடிஞ்சதுதானே? ஏன் வெட்டுறது?"

"எண்ணெய் பட்டுட்டுது மாத்தயா. என்ர கைப்பிழை."

அவர் அண்ணாவின் தலையைப் பார்த்தார். "உங்கட தலையில எண்ணெய் இல்லையே பாஸ்."

"இல்லை. ஆனால் வேலை என்ர."

அண்ணா என் பக்கம் திரும்பவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. படகுக்காரர் வலது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்ளே இறங்கித் தளத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். உலர்ந்த கையோடு மேலே வந்து அங்கேயே கடிதத்தை எழுதினார். அதில் என் பெயரும் இருந்தது.

மழைக்கு முன் தளம் முடிந்தது. நாங்கள் அங்கே இருந்தவரை படகு கடலைக் காணவில்லை. அடுத்த வருடம் நான் அரபு நாட்டுக்குப் போனேன். பிறகு எங்கெல்லாமோ அலைந்தேன். அண்ணா வெள்ளவத்தையில் குடியேறி, அண்ணியை மணந்து, கதவும் அலமாரியும் செய்து இரண்டு பெண்பிள்ளைகளைப் படிப்பித்தார். படகுக் கதையை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. அண்ணி இதை இந்த மலரில்தான் முதன்முதலாக வாசிப்பார்.

கடைசி ஆறு மாதம் அண்ணாவுக்கு மூச்சுத் திணறல். தூக்கி இருத்திய அயல் வீட்டாருக்கும், வீட்டுக்கே வந்து பார்த்த வைத்தியருக்கும், சமைத்துத் தந்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், தொலைவிலிருந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இறுதிச் சடங்கில் அண்ணாவின் தலைக்கு அரப்பும் எண்ணெயும் வைக்கும்போது, தயங்கி நின்ற என்னிடம் கிண்ணத்தை நீட்டி, "வையுங்கோ தம்பி" என்ற ஐயருக்கும் நன்றி. வைத்தேன். இனி அதைத் துடைக்க வேண்டிய வேலை எதுவும் அண்ணாவுக்கு இல்லை.