கறிவேப்பிலைக்குப் போட்ட காவல்

இந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில், எங்கள் காளிகாட் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு செடிக்குக் கொசுவலை கட்டினோம். கட்டியவன் நான். உத்தரவு என் மனைவியுடையது.

சிரிக்காதீர்கள். பக்கத்து வீட்டு பௌதி ஏற்கனவே சிரித்துவிட்டாள். வங்காளிகள் அண்ணியை பௌதி என்பார்கள். நாளடைவில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாருமே பௌதிதான். மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டி, வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"கீ ஹோலோ, திதி? என்ன ஆச்சு அக்கா, உங்க மரத்துக்கும் மலேரியாவா?"

மலேரியாவைக் கொண்டுவருவது கொசுதான் என்று இந்த ஊரில் இப்போது டிராமில் ஏறினால்கூடப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் என் மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு அது சிரிக்கிற சமாசாரம் இல்லை.

அது கறிவேப்பிலைச் செடி. மதராஸில் இருக்கிற வாசகர்களுக்கு அதன் அருமை தெரியாது. உங்களுக்குக் காய்காரி கொசுறாகக் கொடுக்கிறாள். ரசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டு, இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறீர்கள். காரியம் ஆனதும் யாராவது உங்களைக் கழற்றிவிட்டால், 'கறிவேப்பிலையாக ஒதுக்கிவிட்டான்' என்று வருத்தப்படுகிறீர்கள். கல்கத்தாவுக்கு வந்து பாருங்கள்! சந்தையில் உயிரோடு துள்ளுகிற மீன் இருக்கிறது. வாழைப்பூ இருக்கிறது. கறிவேப்பிலை கேட்டால் கடைக்காரன் நம் முகத்தைப் பார்க்கிறான்.

என் மனைவி அதைக் கன்றாக ஈரத்துணியில் சுற்றி மதராஸ் ரயிலில் கொண்டுவந்தாள். அந்தப் பயணத்தில் எனக்குத் தண்ணீர் கொடுத்தாளோ இல்லையோ, அதற்குக் கொடுத்தாள். இப்போது என் தோளுயரம் இருக்கிறது. பக்கத்துப் பேட்டையான பவானிபூரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் தேடி வந்து ஒரு கொத்து வாங்கிப் போவார்கள். இந்த ஊரில் எங்களுக்கு இருக்கும் கௌரவத்தில் என் உத்தியோகத்தால் வந்தது கொஞ்சம்தான்.

ஆனால் கொசுவலை கௌரவத்துக்காகக் கட்டியதில்லை. காமாட்சிக்காகக் கட்டியது.

எங்கள் வீட்டின் பின்கட்டில் ராமநாதன் என்று ஓர் இளைஞன் குடியிருக்கிறான், என் ஆபீஸ்தான். காமாட்சி அவன் மனைவி. இருபது வயதுகூட ஆகவில்லை, தலைப்பிரசவம். மாயவரத்தில் இருக்கும் தாயாரால் இப்போதைக்கு வர முடியாத நிலை. மசக்கை என்றால் எல்லாருக்கும் வருகிற மசக்கை இல்லை. பால் தங்கவில்லை, கஞ்சி தங்கவில்லை, தண்ணீர்கூடத் தங்கவில்லை. கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறிப் போயிற்று. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "எப்படியாவது சாப்பிட வையுங்கள்" என்று மட்டும் சொன்னார். எப்படியாவது என்றால் எப்படி?

கடைசியில் ஒன்றே ஒன்று தங்கிற்று. கறிவேப்பிலைத் துவையல். புளியைக் குறைத்து, மிளகு வைத்து என் மனைவி அரைத்துக் கொடுத்ததை மோர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு நாலு கவளம் சாப்பிட்டாள். அந்த நாலு கவளத்தில்தான் இரண்டு உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் செடி மொட்டையாக ஆரம்பித்தது.

முதலில் கொழுந்து போயிற்று. அப்புறம் இலைகளில் அரைவட்ட அரைவட்டமாகக் கடி. மிஞ்சிய இலைகளின் மேல் அங்கங்கே கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம்.

"எல்லாம் இந்த மைனாவும் புல்புல்லும் பண்ற வேலை. தின்னுட்டு, அங்கயே அசிங்கமும் பண்ணிட்டுப் போறதுகள்!" என்றாள் என் மனைவி.

நானும் ஒப்புக்கொண்டேன். திருடன் கையெழுத்தே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். வேறு சாட்சி எதற்கு? கிட்டே போய்ப் பார்த்தோமா என்று கேட்பீர்கள். எப்படிப் பார்ப்பது? அவள் குளித்து மடியாக இருப்பவள். எச்சம் பட்ட இலையைத் தொட்டால் மறுபடியும் குளிக்க வேண்டும். நானும் குளித்து, சந்தி பண்ணி, டிராம் பிடிக்க ஓடுகிறவன். அதனால் எச்சம் இருந்த இலைகளை இருவரும் ஜாக்கிரதையாக ஒதுக்கிவிட்டு, மற்றதைப் பறித்தோம். எங்கள் ஆசாரம் அந்த இலைகளுக்கு ஒரு வேலியாகவே இருந்தது.

பறவை வராமலிருக்கத்தான் பழைய கொசுவலை. நாலு மூங்கில் நட்டு, கிழிசலைத் தைத்து, அடியில் செங்கல் வைத்து… நான் தூங்குகிற கட்டிலுக்குக்கூட இவ்வளவு சிரத்தையாகக் கட்டினதில்லை. மைனாக்கள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து எங்களைத் திட்டின. திட்டட்டும் என்று இருந்தோம்.

செடி பிழைத்ததா? இல்லை! முன்னைவிட வேகமாக மொட்டையாயிற்று.

என் மனைவி சாம்பல் தூவினாள். சாம்பிராணி போட்டாள். "பௌதி சிரிச்ச சிரிப்பிருக்கே, அந்தக் கண்ணுதான் பட்டுடுத்து" என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். பவானிபூர்க்காரர்களுக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினோம். 'ஒரு கொத்து கறிவேப்பிலைக்கு இத்தனை கர்வமா' என்று அவர்கள் பேசிக்கொண்டதாகக் காதில் விழுந்தது. துவையல் உருண்டை நாளுக்கு நாள் சிறுத்தது. ஒரு நாள் துவையலே இல்லை. அன்று காமாட்சி எதுவுமே சாப்பிடவில்லை.

சாயங்காலம் ராமநாதன் முற்றத்தில் வந்து நின்றான்.

"மாமா, ஊருக்கே அனுப்பிடட்டுமா?"

எழுந்து உட்கார முடியாதவளை இரண்டு ராத்திரி ரயிலில் வைத்து எப்படிக் கொண்டுபோவான்? அது அவனுக்கும் தெரியும். வேறு கேட்கத் தோன்றாமல் கேட்டான்.

அன்று பிடித்தது மழை. கல்கத்தா மழையைப் பற்றி இந்தப் பத்திரிகையில் முன்பே புலம்பியிருக்கிறேன். மறுநாள் டிராம் ஓடவில்லை, சந்தெல்லாம் முழங்கால் தண்ணீர், ஆபீஸ் போக வழியில்லை. மழை விட்டதும், சாய்ந்து கிடந்த வலையை நிமிர்த்தலாம் என்று முற்றத்தில் இறங்கினேன்.

இலைகள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. சாம்பல் ஒரு பொட்டுகூட இல்லை. ஆனால் எச்சம் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

யோசித்துப் பாருங்கள். அப்பேர்ப்பட்ட மழையில் கரையாத எச்சம் உண்டா? அதுவும் வலைக்குள்ளே? எந்தப் பறவை உள்ளே போயிற்று? இந்தக் கேள்வி வலை கட்டிய மறுநாளே தோன்றியிருக்க வேண்டாமா… தோன்றவில்லை.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, மெல்லத் தொட்டேன்.

எச்சம் தலையைத் தூக்கியது. தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை வெளியே நீட்டியது. கூடவே குப்பென்று ஒரு வாடை. நான் பின்னால் துள்ளியதில் சேற்றில் கால் வழுக்கிவிட்டது.

"ஏன்னா, விழுந்துட்டேளா?"

"இல்லை. எச்சம் முறைக்கிறது."

அவள் ஓடி வந்து பார்த்தாள். புழு! ஒன்றில்லை, இரண்டில்லை. எச்சம் என்று நாங்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனதெல்லாம் புழு. கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், இலை நரம்போடு நரம்பாக, இலையின் அதே பச்சையில், விரல் பருமனுக்குப் படுத்திருந்தன வேறு சில. பறவை அண்டாமல், கொசுவலைக்குள் ஜமீன்தார்கள் மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

கறுப்பும் வெள்ளையும் ஒரு ஜாதி, பச்சை வேறு ஜாதியா? எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. முக்காலியைப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ராமநாதனையும் கூப்பிட்டேன். அசையாமல் கிடந்த ஓர் எச்சம், எங்கள் கண்ணெதிரே முதுகில் வெடித்தது. உள்ளேயிருந்து நெளிந்து நெளிந்து வெளியே வந்தது ஒரு பச்சைப் புழு! வந்ததும் திரும்பி, கழற்றிப் போட்ட தன் சட்டையையே தின்னத் தொடங்கியது. ஆக, இரண்டும் ஒன்றுதான். சின்ன வயதில் எச்ச வேஷம், வளர்ந்ததும் இலை வேஷம். எத்தனை சாமர்த்தியம்! தின்னப் பார்க்கும் பறவையும், நசுக்கப் பார்க்கும் மனிதனும் அருவருத்து விலகிப் போகட்டும் என்று இதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நான் இதையெல்லாம் வாய்விட்டே சொல்லியிருக்க வேண்டும். பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் நன்னா வேடிக்கை பாருங்கோ. அது வயிறு ரொம்பிண்டிருக்கு. உள்ள ஒருத்தி காலி வயிறோட கிடக்கா."

சுருக்கென்றது. ராமநாதன் புழுவைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"நீ தொடாதே! ஆம்படையா முழுகாம இருக்கறச்சே ஆம்படையான் ஒரு உசிரைக் கொல்லப்படாது."

"சரி, நான்?" என்றேன்.

"நீங்க மட்டும் வேற வீடா? இந்தக் கூரைக்குக் கீழ அந்தப் பாவமே வேண்டாம்."

புகையிலையை ஊறவைத்துத் தெளித்தால் எந்தப் பூச்சியும் செத்துவிடும் என்று ஆபீஸில் ஒருவர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

"புழுவைக் கொல்றது, அந்த இலையை அரைச்சுச் சாப்பிடறவளை என்ன பண்ணும்? அதையும் கேட்டுண்டு வந்தேளா?"

கேட்டுக்கொண்டு வரவில்லை. கொல்லவும் கூடாது, விடவும் கூடாது, மருந்தும் கூடாது. மூவரும் சேற்றில் நின்றுகொண்டிருந்தோம். அப்போது மதில்மேலிருந்து மைனா ஒன்று மறுபடியும் திட்டியது. இவ்வளவு நாளாக எதற்காக இவை இங்கேயே பழிகிடக்கின்றன என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. மூங்கிலிலிருந்து வலையை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நாங்கள் கொல்லவில்லை. வலையை அவிழ்த்தோம், அவ்வளவுதான். இதில் பாவம் உண்டா, உண்டென்றால் யாருக்கு என்று சாஸ்திரம் தெரிந்த வாசகர்கள் எழுதுங்கள். மைனாக்கள் அந்த ஆராய்ச்சியில் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். இலை இலையாகத் தேடிக் கொத்தின. புல்புல் ஜோடி ஒன்றும் பந்தியில் வந்து உட்கார்ந்தது. ஓர் இலையைக்கூட அவை தின்னவில்லை.

அதன் பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்தேன். சத்தம் போடுகிறவனை, கண்ணில் படுகிறவனைத் திருடன் என்கிறோம். தொடக்கூட அருவருக்கிற இடத்தில் திருடன் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறான். செடியைக் காப்பது என்றால் வேலி கட்டுவது என்று நினைத்தேன். அதற்கு முன்னால் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு செடிக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். வயலில் பூச்சி விழுந்தால் ஓர் ஊர் பட்டினி கிடக்கிறது. எங்கள் முற்றத்தில் விழுந்தது, ஒருத்தி பட்டினி கிடந்தாள். பூச்சி எப்போதும் செடியோடு நிற்பதில்லை.

மிஞ்சியிருந்த கொத்துகளைக் காமாட்சிக்கு மட்டும் என்று வைத்து, கிள்ளிக் கிள்ளி ஓட்டினோம். எங்கள் ரசம் வெறும் ரசமாகவே கொதித்தது. தினமும் காலையில் என் மனைவி குளிப்பதற்கு முன்னால் முற்றத்தில் இறங்கி, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாள், விரலால் தடவிப் பார்த்தாள், அப்புறம்தான் குளித்தாள். ஆசாரமும் கெடவில்லை, செடியும் கெடவில்லை. நேரத்தை மாற்றினால் தீர்ந்துபோகிற விஷயம்! மழை ஈரத்தில் செடி தளிர்விட்டது. தளிர் இலையாயிற்று.

போன வாரம் முதல் தடவையாக ஒரு கிண்ணம் நிறையத் துவையல் அரைத்து, நல்லெண்ணெய் விட்டு, அவளே ஏந்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன்.

காமாட்சி கிண்ணத்தைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"தப்பா நினைச்சுக்காதேங்கோ மாமி… அந்த வாசனையே இப்ப ஆகலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பாடும் வீணா? என் மனைவி கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டு, காமாட்சியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆகலைன்னா ஆகலை. எது ஆகும், அதைச் சொல்லுடி கண்ணு."

காமாட்சி தயங்கினாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பௌதியின் எலுமிச்சை மரம் நின்றது.

என் மனைவி விடுவிடுவென்று மதிலடிக்குப் போய்க் குரல் கொடுத்தாள். யார் கண் பட்டதென்று மிளகாய் சுற்றினாளோ, அதே பௌதி முந்தானை நிறையப் பழம் பறித்துக் கொடுத்தாள். அன்று எலுமிச்சம்பழ சாதம். காமாட்சி சாப்பிட்டாள். கை கழுவப் போனவள் திரும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் இருக்கா மாமி?" என்று கேட்டாள். ராமநாதன் சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டான், கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான். என் மனைவியோ அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டு அழுதாள்.

கறிவேப்பிலைச் செடி என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களுக்கு: ஜோராகத் தழைத்து நிற்கிறது… பவானிபூர்க்காரர்கள் தயவுசெய்து கோபத்தை விட்டுவிட்டு வந்து பறித்துக்கொண்டு போகவும்!