கொறங்காட்டுக்கு ஒரு சுவர்

ஒரே ஆள் பாடவும் செய்து படமும் வரைந்தால், பாட்டுக்காரர்கள் அவனை ஓவியர் என்பார்கள், ஓவியர்கள் பாட்டுக்காரர் என்பார்கள். இரண்டு பக்கமும் நாற்காலி கிடைக்காது. இந்த அவஸ்தை தெரிந்தவர்கள் எல்லாம் என் கட்சி.

நான் பிறந்தது வெள்ளகோவில் பக்கம். ஆடுமாடு மேய வேலி போட்டு விட்ட கொறங்காடுதான் எனக்குத் தெரிந்த உலகம்: காய்ந்த புல், கிளுவை வேலி, நடுவில் ஒற்றை வெள்வேல மரம். வரைந்தால் அதைத்தான் வரைவேன், உடுக்கை அடித்துப் பாடினாலும் அதைத்தான் பாடுவேன். சோற்றுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் டீ-ஷர்ட்டுக்கு டிசைன் போடுகிறேன்.

கோடை நிறம்

ஒரு தடவை சாம்பிளுக்குக் கொறங்காட்டையே டிசைனாகப் போட்டேன். சித்திரை மாதத்துப் புல்லின் நிறம் வரும்வரை பிரிண்டிங் மாஸ்டரோடு மல்லுக்கட்டினேன். ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் பெண் துணியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இது டிசைனுங்களா, டீக்கறைங்களா?"

ஆயுத பூஜை

கம்பெனி பூஜையில் பாடச் சொன்னார்கள். மழை பொய்த்த வருடம் மாடுகளை விற்றதைப் பற்றி நான் கட்டிய பாட்டு. உடுக்கை நாலு தட்டு தட்டியதுமே செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவருக்கு அருள் வந்துவிட்டது. எங்கள் பக்கம் உடுக்கை என்றால் சாமியை அழைக்கத்தான். சும்மா பாட்டுக்கு அடிப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்? நான் மாடு விற்ற சோகத்தைப் பாடுகிறேன், கூட்டம் அக்கா காலில் விழுந்து குறி கேட்கிறது. எனக்கு ஆத்திரம். ஆனாலும் விடாமல் பாடினேன். சூப்பர்வைசர் ஓடிவந்து கும்பிட்டார்.

"உடுக்கைய நிறுத்துங்க சாமி, ஷிப்மெண்ட் இருக்குதுங்க. அந்தச் சாமி மலையேறுனாத்தானுங்க பீஸ் முடியும்."

மானும் அருவியும்

ஊரில் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியவர், மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்கப் படம் வேண்டும் என்று கூப்பிட்டார். யாரும் சீந்தாத என் கொறங்காட்டுக்கு ஊருக்குள்ளேயே ஒரு சுவர்! சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. போய் நின்றால் அவர் கேட்டது அருவி, தென்னை, இரண்டு மான். நம்ம ஊரில் மான் ஏதுங்க என்றேன்.

"அதனாலதானுங்க தம்பி படத்துல கேக்கறேன்."

கொறங்காடு, இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று பிரஷ்களைப் பைக்குள் போட்டேன். சரி, வரைந்து காட்டு, பிடிக்காவிட்டால் மேலே வெள்ளையடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுழி

வரைந்து முடித்த அன்று வந்து கைகட்டி நின்றார். புல்லைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மரத்தடியில் நான் நிறுத்தியிருந்த காளையிடம் வந்ததும் முகம் மாறியது. தோல் மினுங்கட்டும் என்று அதன் பின்பக்கம் பிரஷைச் சுழற்றி விட்டிருந்தேன், அது பெண்டிழந்தான் சுழியாக விழுந்திருந்தது. அந்தச் சுழி உள்ள மாட்டை வாங்கினால் பெண்டாட்டி தங்கமாட்டாள் என்று சந்தையில் தொடக்கூட மாட்டார்கள். காட்டில் வளர்ந்தவன், எனக்கு அது உறைக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றே காளையை முழுக்க அழித்து வேறு வரைந்தேன். அருவியை மறந்தே போயிருந்த அவர், சுழியைப் பார்த்ததும் கேட்டது இவ்வளவுதான்.

"பெண்டிழந்தான் சுழியோட ஒரு காளைய மணமேடையில நிறுத்துனா, இங்க எவனுங்க தம்பி வந்து தாலி கட்டுவான்?"

முதல் முகூர்த்தம்

முதல் கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு. உள்ளே நுழைந்தால், டெக்கரேஷன்காரர்கள் பிளாஸ்டிக் இலைத் திரை ஒன்றை என் சுவர்மேல் இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பச்சை இருந்தால்தான் போட்டோ எடுபடுமாம். மண்டபக்காரர் தப்பவிட்ட படத்தை இவர்களிடமா பறிகொடுப்பேன்? மேடையேறித் திரையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் இழுக்க, நான் இழுக்க, சத்தம் கேட்டுப் பெண்ணின் அப்பா வந்தார். பக்கத்துக் கிராமத்து விவசாயி. வெளியே போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன், நான் போவதாகவும் இல்லை. அவர் திரையை ஒதுக்கிச் சுவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்துக்கொண்டே நடந்தார். திரையைக் கழற்றச் சொல்லி அவர்களுக்குக் கைகாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, அந்த மூலைல கிளுவை சந்து உட்டுக் கெடக்குதே, ஆடு பூந்து போயிராதுங்களா? முகூர்த்தத்துக்குள்ள அடைச்சு உட்டுருங்க."

எங்கள் தொழிலில் பாராட்டு குறை சொல்லிக்கொண்டுதான் வரும், அப்போது சலவை வேட்டியோடு ஏணி ஏறத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.