இறக்கத்தில் என் கையைப் பிடித்தவர்

என்னால் ஒரு மனிதர் செத்துப்போனார். இரண்டு வருஷத்துக்கு மேல் அதை மறைத்து வைத்திருந்தேன். சபையார் முன்னால் என் சாட்சியை அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஏரியூர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பெங்களூர், ஹூப்ளி என்று ஓட்டல்களில் தட்டுக் கழுவினேன். கடைசியில் தருமபுரியில் ஒரு லாரியில் கிளீனராக ஏறினேன். டிரைவர் சாமுவேல் அண்ணன். பாதி நாள் எனக்குச் சாப்பாடு நல்லம்பள்ளியில் அவர் வீட்டில்தான். அவர் மனைவி எஸ்தர் அக்கா களி கிண்டினால் எனக்கும் ஓர் உருண்டை இருக்கும்.

1968, பங்குனி மாதம். சேலத்துக்குப் புளி லோடு. அண்ணனுக்குக் கடுமையான காய்ச்சல்.

"நீ ஓட்டுடா, நான் சித்த சாஞ்சுக்கறேன்" என்றார்.

லைசன்ஸ் கிடையாது, ஆனால் ஓட்ட வரும். கிளீனர்கள் எல்லோரும் அப்படித்தான் பழகினோம். தொப்பூர் இறக்கத்தில் மற்ற லாரிக்காரர்கள் செய்வதையே நானும் செய்தேன். கியரை எடுத்து நியூட்ரலில் விட்டேன். அப்படி விட்டால் டீசல் மிச்சம். மிச்ச டீசல் எங்கள் டீச்செலவு. வண்டி வேகம் எடுத்தது. மிதித்து மிதித்து பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. கியர் திரும்ப விழவில்லை. வளைவில் பாறையில் மோதினோம். அண்ணன் பக்கம்தான் நசுங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

முதலாளி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "செத்தவனுக்கு ஜெயில் இல்லடா. அவன்தான் ஓட்டினான்னு சொல்லிட்டு வூடு போய்ச் சேரு."

அண்ணன்தான் நியூட்ரலில் விட்டு ஓட்டினார் என்று போலீஸிடம் சொன்னேன்.

குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊர் பேசியது. கல்லறையில் மண் போடும்போதே ஒருவர் சொன்னார். கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன். எஸ்தர் அக்கா அதன்பிறகு சபையில் கடைசிப் பாயில்தான் உட்கார்ந்தார்.

இரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினேன். எங்கும் இருப்புக் கொள்ளவில்லை. திரும்பி வந்ததும், லைசன்ஸ் எடுத்தால் வண்டி தருகிறேன் என்றார் முதலாளி. கைச் சைகை, ரிவர்ஸ், மேட்டில் நிறுத்தி எடுப்பது என்று ஒரு மாதம் பழகினேன். எல்லாம் வந்தது. டெஸ்ட் எடுக்கும் அதிகாரியை பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு சின்ன இறக்கம் வந்தது. என் இடது கை தானாகப் போய் நியூட்ரலில் தள்ளிவிட்டது.

"யோவ், யாருய்யா உனக்குக் கத்துக்குடுத்தது? இறங்கு."

அடுத்த முறை ஞாபகத்துக்காக மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு போனேன். "என்ன மாப்ளே, கங்கணமா?" என்று சிரித்தார். அன்றும் அதே இறக்கம், அதே கை. சிரிப்பு நின்றது. "ஆளைக் கொல்லவா வர்றே?" என்றார். அந்த வார்த்தையோடு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது.

"தோத்துட்டேன்கா. இறக்கத்துல கை நியூட்ரலுக்குப் போயிருது."

"இரு தம்பி. ஜெபம் பண்ணிட்டுப் போவ" என்று அக்கா முழங்காலிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா கண்ணை மூடிச் சொன்னார்: "ஆண்டவரே, எங்கூட்டுக்காரரு பண்ண தப்ப இந்தத் தம்பி பண்ணாம, அவன் கையப் பிடிச்சுக்கோங்க."

என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை.

"அக்கா, அண்ணன் ஓட்டலக்கா. நான்தான் ஓட்டினேன்."

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அவரு குடிக்கலையா?"

"இல்லக்கா. காய்ச்சல்ல படுத்திருந்தாரு."

"செத்த மனுஷனோட ரெண்டு வருஷமா சண்டை போட்டுட்டு இருந்தேனேடா, பாவி" என்று தரையில் அடித்து அழுதார். பிறகு, "எந்திரிச்சுப் போ" என்றார்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். கோர்ட்டில் ஆறு மாதம் கொடுத்தார்கள். ஜெயிலில்தான் முதல்முதலாக நானாக ஜெபித்தேன். லைசன்ஸ் கேட்கவில்லை. அக்கா கேட்டதையே கேட்டேன்.

1971இல் மறுபடி டெஸ்டுக்குப் போனேன். இறக்கம் வந்தது. கை கியருக்குப் போனது. ஒரு கியர் குறைத்துப் போட்டுவிட்டு ஸ்டியரிங்குக்குத் திரும்பி வந்தது. இன்ஜின் முனகிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்தது. இன்ஸ்பெக்டர் பாஸ் என்று எழுதினார். நான் இறங்கி வண்டிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

பழைய முதலாளியிடம் போகவில்லை. இப்போது வேறு வண்டி ஓட்டுகிறேன். சுற்றுகிற கால்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை இந்தச் சபைக்கு வந்துவிடுகிறேன். எஸ்தர் அக்கா இப்போது முன்வரிசையில் உட்காருகிறார். என்னை மன்னித்தேன் என்று அவர் சொன்னதில்லை. நான் கேட்கவும் இல்லை. அண்ணன் மட்டும் திரும்பி வரப்போவதில்லை. அந்தத் துக்கம் என்னோடு இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லி நான் ஜெபிப்பதும் இல்லை.

நான் கேட்டுப் போனது ஒரு லைசன்ஸ். ஆண்டவர் முதலில் எஸ்தர் அக்காவுக்கு அவர் புருஷனுடைய நல்ல பெயரைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அதற்குப் பிறகுதான் கொடுத்தார். அதற்காகவே அவருக்கு நன்றி சொல்கிறேன். நெஞ்சுக்குள் எதையாவது பூட்டி வைத்துக்கொண்டு இங்கே முழங்காலிட்டிருப்பவர் யாராவது இருந்தால், அன்பானவர்களே, அதை முதலில் சொல்லிவிடுங்கள். பயமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள், அவர் பிடித்துக்கொள்வார்.